13 ஜெயிச்ச எம்எல்ஏவும் பதினாலு கட்டு ஓட்டும் – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரு பதில்ல போற போக்குல "கலைஞர் 13 தடவை நின்னு 13 தடவையும் ஜெயிச்சவர்"னு ஒரே ஒரு வரிதான் எழுதினேன், அதுக்கு வந்த கடுதாசியும் வாட்ஸ்அப்பும் இருக்கே, பாதி பேர் "பொய் சொல்லாதீங்க"ன்னு திட்டறாங்க, மீதி பேர் "ஒரு வரியோட முடிச்சிட்டீங்களே"ன்னு திட்டறாங்க. சரி, ரெண்டு கோஷ்டியையும் இந்த வாரமே கவனிச்சிடலாம்னு சினிமா கேள்வி எல்லாத்தையும் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டேன். ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன். அஞ்சு தடவை முதல்வரா இருந்த கருணாநிதியைப் பத்தி எழுத ஊர் முழுக்க ஆள் இருக்கு, இங்க பேசப்போறது எம்எல்ஏ கருணாநிதியைப் பத்தி மட்டும்தான்.

கேள்வி (வேலூர் வாசகர்): 13க்கு 13ங்கறது நிஜமாவே நிஜமா? இல்ல உடன்பிறப்புகள் கட்டின கதையா?

நிஜம் சார். 1957ல குளித்தலை, 62ல தஞ்சாவூர், 67லயும் 71லயும் சைதாப்பேட்டை, 77லயும் 80லயும் அண்ணாநகர், 89லயும் 91லயும் துறைமுகம், அப்புறம் 96, 2001, 2006 மூணும் சேப்பாக்கம், கடைசியா 2011லயும் 2016லயும் திருவாரூர். விரல் விட்டு எண்ணிக்கோங்க, 13 வரும்.

ஆனா "தோல்வியே அறியாத"ன்னு பேனர்ல போடறாங்க பாருங்க, அங்கதான் எனக்கு ஒரு சின்ன சிரிப்பு வரும். ஏன்னா 1980ல அண்ணாநகர்ல அவர் ஜெயிச்சது 699 ஓட்டுல. எங்க மாமா ஒருத்தர் அந்தக் காலத்துல ஓட்டு எண்ற இடத்துல ஏஜெண்டா உக்காந்தவர் (எந்தக் கட்சின்னு சொன்னா வீட்டுல சண்டை வரும், விடுங்க), அவர் சொல்லுவார், அப்ப மெஷின் எல்லாம் ஏது, பெட்டியைக் கவுத்து கொட்டி, மடிப்பு பிரிச்சு, ஐம்பது ஐம்பதா அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டு கட்டு கட்டா வெப்பாங்களாம், எந்த வேட்பாளர் பக்கம் கட்டு உசந்துக்கிட்டே போகுதுங்கறதை ஏஜெண்டுங்க கண்ணை எடுக்காம பாத்துக்கிட்டே இருப்பாங்களாம். இப்ப அந்தக் கணக்குல 699ஐ போட்டுப் பாருங்க. பதினாலு கட்டு, அதுலயும் ஒரு ஓட்டு குறைவு! ஒரு கைப்பைக்குள்ள அடங்கிடும். ஒரு முன்னாள் முதல்வரோட மொத்த மானமும் அந்தப் பதினாலு கட்டுலதான் நின்னுச்சு.

இன்னொண்ணு 1991. ராஜீவ் காந்தி கொலைக்கு அப்புறம் நடந்த எண்ணிக்கை, 234ல 225 தொகுதியை அதிமுக-காங்கிரஸ் கூட்டணி வாரிக்கிட்டுப் போச்சு, திமுகவுல பெரிய பெரிய தலை எல்லாம் உருண்டுச்சு, அந்தச் சுனாமியில இவர் துறைமுகத்துல கரையேறினது 890 ஓட்டுல, காங்கிரஸ் கே.சுப்புவை எதிர்த்து.

கேள்வி (குளித்தலை வாசகி): எங்க ஊர்லதான் ஆரம்பிச்சார்னு பெருமையா சொல்றோம். ஆனா ஒரே ஒரு தடவையோட எங்களை விட்டுட்டுப் போயிட்டாரே! எங்க ஊருக்கு என்னதான் பண்ணினார்?

கோவம் நியாயம்தான் அம்மா. ஆனா மேட்டர் அப்ப எப்படி இருந்துச்சுன்னு பாருங்க. 1957ல திமுக முதல் தடவையா தேர்தல்ல நிக்குது, கட்சிக்கு அங்கீகாரமே கிடையாது, பழைய தேர்தல் ஏட்டைப் புரட்டினா இவங்க எல்லாரும் சுயேச்சைன்னுதான் இருக்கும். மொத்தம் 15 பேர் உள்ள போனாங்க, அதுல இவருக்கு வயசு 32. சினிமா வசனகர்த்தான்னு ஊருக்கே தெரியும், பராசக்தி வந்து அஞ்சு வருஷம் ஆச்சு. "சினிமாக்காரன் சட்டசபையில என்னத்தைப் பேசப்போறான்"னுதான் எதிர்ல இருந்தவங்க நினைச்சிருப்பாங்க.

அவர் முதல் பேச்சுல எடுத்தது உங்க பக்கத்து நங்கவரம் பண்ணை விவசாயிங்க பிரச்சனையை. கையேறு வாரம், மாட்டேறு வாரம்னு குத்தகைப் பங்குல இருந்த தகராறு. இப்ப இருக்கற பசங்களுக்கு அந்த வார்த்தையே புரியாது, எனக்கே எங்க தாத்தா சொல்லித்தான் "வாரம்"னா வீக் இல்ல, விளைச்சல்ல நிலக்காரருக்கும் உழறவனுக்கும் பிரியற பங்குன்னு தெரிஞ்சுது. அடுக்குமொழிக்குப் பேர்போன மனுஷன் முதல் நாள் அங்க போய் வயல் கணக்கு பேசினார்ங்கறதுதான் எனக்குப் பிடிச்ச இடம். எதுக்கு எம்எல்ஏ ஆனோம்ங்கறது அன்னிக்கு அவருக்கு தெளிவா இருந்திருக்கு.

ஏன் விட்டுட்டுப் போனார்னா, அடுத்த தேர்தல்ல கட்சி தஞ்சாவூருக்கு அனுப்பிச்சுது. அங்க எதிர்ல நின்னவர் பரிசுத்த நாடார், காங்கிரஸ்ல பெரிய புள்ளி. 1957ல ஜெயிச்ச அந்த 15 பேரையும் 62ல மண்ணைக் கவ்வ வைக்கணும்னு காமராஜர் கங்கணம் கட்டி வேலை பாத்தார்னும், மறுபடி ஜெயிச்சது இவர் ஒருத்தர்தான்னும் திமுகவுல இன்னிக்கும் கதை கதையா சொல்லுவாங்க. காஞ்சிபுரத்துல அண்ணாவே தோத்தார், அது எல்லாருக்கும் தெரியும். ஆனா கட்சி 15லேர்ந்து 50க்கு வந்துச்சு. தலைவர் வெளிய, தம்பி உள்ள. எதிர்க்கட்சித் துணைத்தலைவர்ங்கற நாற்காலி அப்பதான் அவருக்கு வந்துச்சு. என்னைக் கேட்டா 69ல முதல்வர் நாற்காலிக்கு வழி போட்டது இந்தத் தஞ்சாவூர் ஜெயிப்புதான், சைதாப்பேட்டை இல்ல.

கேள்வி (திண்டுக்கல் வாசகர்): ஆறு தடவை தொகுதி மாத்தியிருக்கார். பயந்துதானே மாத்தினார்? ஒளிக்காம சொல்லுங்க.

ஒளிக்கல. பாதி உண்மை.

நீங்களே அந்த லிஸ்ட்டை மறுபடி பாருங்க. 699 ஓட்டுல தப்பிச்ச அண்ணாநகர்ல திரும்ப நிக்கவே இல்ல. 890ல தப்பிச்ச துறைமுகத்துலயும் திரும்ப நிக்கல. கழுத்து வரைக்கும் தண்ணி வந்த இடத்துல மறுபடி கால் வெக்கறதில்லைங்கறது அவரோட பழக்கம்னே சொல்லலாம், அதை பயம்னு சொல்றதா புத்திசாலித்தனம்னு சொல்றதாங்கறது நீங்க எந்தக் கட்சிங்கறதைப் பொறுத்தது.

மீதி பாதி என்னன்னா, அவருக்கு சொந்தத் தொகுதின்னு ஒண்ணு அமையவே இல்ல. பிறந்தது திருக்குவளை, படிச்சது வளர்ந்தது கொடி பிடிச்சது எல்லாம் திருவாரூர். அந்தத் திருவாரூர் ரொம்ப வருஷமா தனித்தொகுதி, இவர் நினைச்சாலும் நிக்க முடியாது. தொகுதி மறுவரையறைக்கு அப்புறம் பொதுத்தொகுதி ஆச்சு, 2011ல உடனே கிளம்பிட்டார். முதல் தேர்தல் நின்னு 54 வருஷம் கழிச்சு, 86 வயசுல, சொந்த ஊர்ல போய் "எனக்கு ஓட்டுப் போடுங்க"ன்னு கேக்கறார்! ஊர்க்காரங்க 50,249 வித்தியாசத்துல அனுப்பிவெச்சாங்க. அந்தத் தேர்தல்ல கட்சிக்கு கிடைச்சது வெறும் 23, எதிர்க்கட்சி அந்தஸ்து கூட தேமுதிகவுக்குப் போச்சு, இவருக்கு மட்டும் அரை லட்சம் வித்தியாசம். 2016ல இன்னும் ஏறி 68,366, அந்த வருஷம் மாநிலத்துலயே பெரிய வித்தியாசம் அதுதான்.

பக்கத்து கேரளாவைப் பாருங்க, வேற மாதிரி. கேரளா காங்கிரஸ் தலைவர் கே.எம்.மாணி பாலாங்கற ஒரே தொகுதியில 13 ஜெயிப்பு, 1965ல ஆரம்பிச்சு 2019ல கண்ணை மூடற வரைக்கும் வேற ஊர் பக்கமே போகல (அந்த 65 சட்டசபை கூடவே இல்லங்கறது தனிக் கதை). உம்மன் சாண்டி புதுப்பள்ளியில 1970லேர்ந்து 2021 வரைக்கும் 12 தடவை. ஞாயித்துக்கிழமை ஆனா முதல்வரா இருந்தாலும் புதுப்பள்ளிதான், சர்ச்சு, அப்புறம் வீட்டுல கூட்டம், கையில மனு. 2023ல அவர் உடம்பு திருவனந்தபுரத்துலேர்ந்து கோட்டயம் போய்ச் சேர ஒரு நாளுக்கு மேல ஆச்சு, ரோடு ஓரம் முழுக்க ஜனம். அது ஒரு வகை எம்எல்ஏ, தொகுதிக்காரங்க வீட்டுப் பிள்ளை. நம்ம ஊர்ல பெரிய தலைவருங்க அப்படி வாழல, தொகுதி அவங்களுக்கு ரயில்வே ஸ்டேஷன் மாதிரி, ஏறி இறங்கற இடம். எம்ஜிஆரும் அப்படித்தானே, பரங்கிமலை, அருப்புக்கோட்டை, மதுரை மேற்கு, ஆண்டிபட்டின்னு.

கேள்வி (சிவகாசி வாசகர்): எம்ஜிஆரும் தோத்ததே இல்லையே, அதை ஏன் சொல்ல மாட்டேங்கறீங்க?

மேல சொல்லிட்டேனே! தோக்கல, சரிதான். ஆனா உங்க ஊர்ப்பக்கம்தான் விருதுநகர்ல 1967ல காமராஜரே 1,285 ஓட்டுல தோத்தார், ஜெயிச்சவர் மாணவர் தலைவரா இருந்த பெ.சீனிவாசன். அதை மனசுல வெச்சுக்கிட்டு 699ஐயும் 890ஐயும் பாருங்க, இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, எல்லாம் ஒரு கல்யாண மண்டபத்துக் கூட்டம்தான்.

கேள்வி (கோவை வாசகி): "60 வருஷ சட்டமன்ற உறுப்பினர்"னு வைரவிழா கொண்டாடினாங்களே, நடுவுல அவர் சபையில இல்லாத வருஷம் எல்லாம் கணக்குல வருமா?

இப்படி ஒரு கேள்விக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்தேன் மேடம். 2017 ஜூன் 3, ராயப்பேட்டை ஒய்எம்சிஏ மைதானம், ராகுல் காந்தி, நிதிஷ் குமார் எல்லாம் வந்திருந்தாங்க, விழா நாயகர் மட்டும் உடம்பு முடியாம வரல. அந்த 60ங்கறது முதல் ஜெயிப்புலேர்ந்து எண்ற கணக்கு. நான் பென்சிலும் பேப்பரும் வெச்சு உக்காந்தேன். 1976 ஜனவரி 31ல ஆட்சியைக் கலைச்சாங்க, 77 வரைக்கும் சபையே இல்ல. 1983 ஆகஸ்ட்ல ஈழத்தமிழர் பிரச்சனைக்காக அவரும் அன்பழகனும் எம்எல்ஏ பதவியை ராஜினாமா பண்ணினாங்க. 84 தேர்தல்ல நிக்கவே இல்ல, மேலவைக்குப் போனார், 86ல மேலவையையே எம்ஜிஆர் கலைச்சிட்டார். 89ல திரும்பி வந்து முதல்வர் ஆனார், 91 ஜனவரியில டிஸ்மிஸ். 91ல அந்த 890 ஓட்டுல ஜெயிச்சார்னு சொன்னேன் இல்ல, அதையும் கட்சித் தோல்விக்குப் பொறுப்பேத்து ராஜினாமா பண்ணிட்டார், 96 வரைக்கும் வெளியதான். எல்லாத்தையும் கழிச்சா எனக்கு தோராயமா 48 வருஷம் வருது.

48ன்னாலும் சும்மாவா? ஆனா 60னு சொல்றப்ப அந்த காலி வருஷம் எல்லாம் மறைஞ்சு போகுது, எனக்கு அதுதான் வருத்தம், ஏன்னா அந்த மனுஷனோட அரசியல்ல சுவாரசியமே அந்த காலி வருஷம்தான். 76லேர்ந்து 89 வரைக்கும் 13 வருஷம் ஆட்சி இல்ல, ஒவ்வொரு சட்டசபைத் தேர்தல்லயும் எம்ஜிஆர் அடிச்சுத் தள்றார், அப்பவும் கட்சி கலையாம நின்னுச்சே.

கேள்வி (எழும்பூர் வாசகர்): 91ல அவரும் ராஜினாமா பண்ணிட்டா திமுகவுக்கு உள்ள யார் இருந்தா?

உங்க எம்எல்ஏதான் சார், மறந்துட்டீங்களா! பரிதி இளம்வழுதி. கிட்டத்தட்ட ஒத்த ஆள். எதிர்ல ஜெயலலிதா, சுத்தி ஆளுங்கட்சி வரிசை, நடுவுல இவர் எழுந்து எழுந்து கத்துவார். அதனாலதான் கலைஞர் "அபிமன்யு"ன்னு பேர் வெச்சார். 96ல துணை சபாநாயகர், 2006ல செய்தித்துறை அமைச்சர். 2011ல தோத்தார், 2013ல அதே ஜெயலலிதா கட்சியில போய்ச் சேந்துட்டார். வியூகத்துக்குள்ள போன அபிமன்யு எதிர் கூடாரத்துலயே ரூம் போட்டது மகாபாரதத்துல இல்லாத எபிசோட்.

கேள்வி (சேலம் வாசகர்): சபையில கலைஞர் பேச்சுல உங்களுக்குப் பிடிச்ச ஒண்ணு சொல்லுங்க. வாட்ஸ்அப்ல வர்றதெல்லாம் நம்பறதுக்கு இல்ல.

ஆமா, வாட்ஸ்அப்ல வர்ற பாதி கதையில கலைஞர் செத்ததுக்கு அப்புறமும் பதில் சொல்லிக்கிட்டு இருக்கார். எல்லாருக்கும் தெரிஞ்ச ஒண்ணையே சொல்றேன். இவர் முதல்வரா இருக்கறப்ப சுதந்திரா கட்சி உறுப்பினர் டாக்டர் ஹண்டே எழுந்து இது மூன்றாந்தர அரசாங்கம்னு ஒரு போடு போட்டார். திமுக வரிசையில சத்தம். கலைஞர் நிதானமா எழுந்து, மூணாந்தரம் இல்ல, இது நாலாந்தர அரசாங்கம்னு சொன்னார். நாலாம் வருணம், சூத்திரர்களோட அரசுன்னு அர்த்தம். திட்டினவர் குடுத்த கல்லையே எடுத்து தன் வீட்டு வாசப்படியா போட்டுக்கிட்டார். பெரியார் பள்ளிக்கூடத்துல படிச்சவனுக்குத்தான் அந்த நேரத்துல அது வாயில வரும், சும்மா வார்த்தை ஜாலம் தெரிஞ்சா மட்டும் வராது.

இதுல கூத்து என்னன்னா, 1980ல அண்ணாநகர்ல 699 ஓட்டுல தோத்தது இதே ஹண்டேதான்! அதுக்குள்ள அதிமுகவுக்கு வந்திருந்தார். தோத்தாலும் எம்ஜிஆர் அவரை சுகாதார அமைச்சர் ஆக்கிட்டார். அப்புறம் பாஜகவுக்குப் போனார். நாலாந்தரம்னு பதிலடி வாங்கினவர் நாலு ஓட்டு மாறியிருந்தா (சரி, நாலு இல்ல, கொஞ்சம் கூட) சரித்திரத்தையே மாத்தியிருப்பார்.

கேள்வி (தஞ்சாவூர் கல்லூரி மாணவர்): கடைசி காலத்துல சபைக்கே வராம சம்பளம் வாங்கினார்னு எங்க ஹாஸ்டல்ல ஒரு வாக்குவாதம். உண்மையா தம்பிகளுக்கு சொல்லுங்க.

தம்பி, சபைக்கு வந்தார், சபைக்குள்ள வரல. ரெண்டும் வேற. சக்கர நாற்காலியில இருந்தார், அதோட உக்கார ஏத்த மாதிரி இடம் ஒதுக்கித் தரச்சொல்லி கேட்டாங்க, அவர் எதிர்பார்த்த மாதிரி அமையல. அதனால கோட்டைக்கு வருவார், லாபியில வருகைப் பதிவேட்டுல கையெழுத்துப் போடுவார், கிளம்பிடுவார். அவையோட அனுமதி இல்லாம 60 நாள் வராம இருந்தா அந்த இடத்தை காலின்னு அறிவிக்கலாம்னு அரசியல் சட்டத்துல இருக்கு, அதுக்காகத்தான் அந்தக் கையெழுத்து.

இதுல யார் பக்கம் நியாயம்னு கேட்டா, ரெண்டு பக்கமும் சில்லறைத்தனம் இருந்துச்சுன்னுதான் சொல்லுவேன். ஒரு வீல்சேர் நிறுத்த இடம் பண்ணித்தர ஒரு அரசாங்கத்தால முடியாதா? அதே சமயம் ஓட்டுப் போட்ட திருவாரூர்க்காரனுக்கு அஞ்சு வருஷமா லாபியில விழுந்த கையெழுத்துல என்ன லாபம்? நானும் இதைச் சொந்தமா அனுபவிச்சவன். எங்க தொகுதி எம்எல்ஏ ஆபீஸ்ல எங்க சித்தப்பா ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் வாங்க மூணு நாள் நடந்தேன், பிளாஸ்டிக் சேர், ஓடாத ஃபேன், "அண்ணன் வெளியூர்ல இருக்காரு"ன்னு ஒரே பதில், கடைசியில லெட்டர்பேடுல ஏற்கனவே கையெழுத்துப் போட்டு வெச்சிருந்த ஒரு தாளை உருவி குடுத்தாங்க, நிரப்பிக்கோங்கன்னு. அந்த எம்எல்ஏ முகத்தை இன்னி வரைக்கும் நேர்ல பாத்ததில்ல. அதனால கையெழுத்து மட்டும் வர்ற எம்எல்ஏ எனக்குப் புதுசு இல்ல தம்பி, இவராவது கையெழுத்துப் போட நேர்ல வந்தார்.

கேள்வி (திருநெல்வேலி வாசகர்): எங்க நெல்லை கண்ணன் அவரை எதிர்த்து நின்னது எந்த வருஷம்? வீட்டுல பந்தயம்.

1996, சேப்பாக்கம், காங்கிரஸ் சார்புல. தமிழ்க்கடல்னு பேர் வாங்கின பேச்சாளர் கண்ணனுக்கும் கலைஞருக்கும் நேருக்கு நேர் மேடை விவாதம் மட்டும் வெச்சிருந்தா டிக்கெட் போட்டு வித்திருக்கலாம், ஆனா அந்த வருஷ அலையில காங்கிரஸ் கட்சிக்காரங்களே பாதி பேர் மூப்பனார் பின்னாடி போயிட்டாங்க, இவர் என்ன பண்ணுவார். பந்தயக் காசுல எனக்கு அல்வா அனுப்புங்க.

கேள்வி (திருவாரூர் வாசகர்): அவருக்கு அப்புறம் எங்க தொகுதியை யாரும் பேசறதே இல்ல.

2018 ஆகஸ்ட் 7ல அவர் போனப்ப எம்எல்ஏவாத்தான் போனார். இடைத்தேர்தலை 2019 ஜனவரிக்கு அறிவிச்சாங்க, அதுக்கு முன்னாடிதான் கஜா புயல் உங்க பக்கம் தென்னையை எல்லாம் சாச்சுட்டுப் போயிருந்துச்சு, நிவாரண வேலை நடக்குதுன்னு தேர்தலை ரத்து பண்ணி, ஏப்ரல்ல நாடாளுமன்றத் தேர்தலோட சேர்த்து நடத்தினாங்க. பூண்டி கலைவாணன் ஜெயிச்சார். கட்சியோட மாவட்டத்துக்காரர், ஊர்லயே இருக்கறவர். ஒருவேளை உங்களுக்கு அப்பதான் கேரளா மாடல் எம்எல்ஏ கிடைச்சார்னு நினைச்சுக்கோங்க.

கேள்வி (அண்ணாநகர் வாசகர்): எங்க அப்பா 1980ல ஹண்டேவுக்குத்தான் ஓட்டுப் போட்டாராம். "இன்னும் ஒரு 700 பேர் கிடைச்சிருந்தா கதையே வேற"ன்னு இன்னும் புலம்பறார். என்ன பதில் சொல்ல?

கணக்கு தப்புன்னு சொல்லுங்க. புதுசா 700 பேர் எதுக்கு, உதயசூரியனுக்குப் போட்டவங்கள்ல 350 பேர் மாத்திக் குத்தியிருந்தாலே போதும், ஏழே கட்டு. உங்க தெருவும் பக்கத்துத் தெருவும் சேந்திருந்தா முடிஞ்சிருக்கும். அப்பா அன்னிக்கு வீடு வீடா போய் கேட்டாரா, இல்ல தன் ஓட்டைப் போட்டுட்டு வந்து படுத்துட்டாரான்னு விசாரிச்சு எழுதுங்க.